ரங்கூன் பணமும் நான் சொல்லாத பேரும்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர்க் கடிகாரம் தொங்குகிறது. வந்த நாளிலிருந்து அது ஒரு நிமிஷம்கூட ஓடியதில்லை. இதை ஏன் இன்னும் மாட்டி வைத்திருக்கிறீர்கள் என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். அது கடிகாரம் இல்லை, என் கப்பல் கூலி என்று சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. ஒவ்வொருவருக்கும் விளக்கி வாய் வலித்துப் போனதால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குக் கல்யாணம் ஆனது வெள்ளைக்காரன் காலத்தில். பிறந்தது நூம்பல், வாழ்க்கைப்பட்டது அம்பத்தூர். ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம், இரண்டு மாடு, மாமியார் இல்லாத வீடு. மாமியார் இல்லை என்றதும் என் தோழிகளுக்கு ஒரே பொறாமை. மாமனார் ஒருவரே போதும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர் நல்ல மனிதர். அவரிடம் இருந்த ஒரே கெட்ட குணமும் அதுதான்.

கல்யாணமாகி ஏழாம் மாதம் என் வீட்டுக்காரர் ரங்கூனுக்குக் கப்பலேறினார். அங்கே ஒரு மரக்கிடங்கில் குமாஸ்தா வேலை. நான் அப்போது முழுகாமல் இருந்தேன்.

"ஒரே வருசம்மே. ரூம் பாத்து வெச்சிட்டு உன்னியும் கொயந்தையும் இட்டுக்கினு போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன இடத்தில் எட்டு ஆண்கள் ஒரே அறையில் முறை வைத்துப் படுத்தார்களாம். ஆகவே எங்கள் கப்பல் கூலி மட்டும் போதாது, தனி அறைக்கு முன்பணமும் சேர வேண்டும். அந்தப் பணம் என் கைக்கு வந்தால் நானும் மகளும் அவரோடு போய் இருப்போம். வராவிட்டால் அவரைக் கடிதத்திலேயே பார்த்துக்கொண்டு கிழவியாக வேண்டியதுதான். அவர் ஒழுங்காகச் சம்பாதித்தார், ஒழுங்காக அனுப்பவும் செய்தார். வந்து சேருவதுதான் பெரும்பாடாக இருந்தது.

முதல் தடவை ஆள் கையில் கொடுத்து அனுப்பினார். கப்பலில் ஊர் திரும்புகிறவர்களிடம் கொடுத்தனுப்புவதுதான் அப்போது எங்கள் பக்கத்து வழக்கம். வந்தவர் நூம்பல்காரர், எனக்கு அண்ணன் முறை. யோக்கியர். ஒரு காசைக்கூடத் தனக்கென்று தொடவில்லை. ஆனால் யோசித்துவிட்டார். பணமாகக் கொண்டுவந்தால் வழியில் களவு போகும் என்று யோசித்து, ரங்கூன் கடைத்தெருவிலேயே அத்தனைக்கும் ஒரு சுவர்க் கடிகாரமும் மூன்று குடையும் வாங்கி வந்துவிட்டார்.

"இங்க இத்த வித்தீன்னா ரெண்டு மடங்கு கெடைக்கும் தங்கச்சி. உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றார்.

அம்பத்தூரில் யார் கடிகாரம் வாங்குவார்கள்? ரயில் போகிற சத்தத்தை வைத்தே உலை வைக்கிற ஊர். கடலில் உப்புக் காற்று பட்டதோ என்னவோ, சாவி கொடுத்தால் கர்ரென்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். குடைகளில் இரண்டை, தெருவில் நனைந்துகொண்டு போன இரண்டு பேரைக் கூப்பிட்டு மாமனார் அன்றைக்கே கொடுத்துவிட்டார். மூன்றாவதை நான் பிடுங்கிப் பரண்மேல் போட்டேன்.

ஆள் வேண்டாம், தபாலில் அனுப்புங்கள் என்று எழுதினேன். பூந்தமல்லி மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தவள் நான். கடிதம் எழுத யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

மணியார்டர் வந்தது. சர்க்கார் தபால், ஒரு தம்பிடி குறையாது. ஆனால் எங்கள் தபால்காரருக்கு மணியார்டர் என்றால் திருவிழா. "ரங்கூன் மணியாடர் வந்துகீது!" என்று தெருமுனையிலேயே குரல் கொடுத்துக்கொண்டு வருவார். வீட்டில் பெரியவர் இருக்கும்போது மருமகள் பேருக்கு அனுப்புவது மரியாதை இல்லை என்று பணம் மாமனார் பேருக்குத்தான் வரும். தெருவுக்கே தெரிந்து வந்த பணம் தெருவுக்கே போயிற்று. மாட்டுக்கு வைத்தியம் என்று ஒருவர் வருவார், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற என்று இன்னொருவர் வருவார். இல்லை என்கிற வார்த்தை மாமனார் வாயில் வரவே வராது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இவருக்கு ஊரான் வீடுகூட வேண்டியிருக்கவில்லை, சொந்த மகன் வீட்டு நெய்யே போதுமாக இருந்தது.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், "வாயத் தொறந்து கேக்கறானே, இன்னாம்மா பண்றது? அடுத்த மாசத்துது உனுக்குத்தான்" என்பார். அடுத்த மாதமும் அதே கதைதான். எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வரும். நான் கோபப்பட்டு முடிப்பதற்குள் என் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்கரைக்குக் கொக்கு காட்டப் போய்விடுவார். அப்படிப்பட்ட மனிதரிடம் எத்தனை நேரம்தான் கோபமாக இருப்பது?

இதையெல்லாம் நான் விவரமாக எழுதியதற்கு என் வீட்டுக்காரர் பதில் போட்டார்: 'ஆள் கையில் கொடுத்தால் கடிகாரம் ஆகிறது. தபாலில் போட்டால் தர்மம் ஆகிறது. எந்த வழியில் அனுப்பினால் கப்பல் கூலியாகவே வந்து சேரும் என்று நீயே விசாரித்து எழுது. நீ சொல்கிறபடி செய்கிறேன்.'

நீயே முடிவு செய் என்று என்னிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

விசாரித்தேன். ஸ்டேஷன் வாசலில் வெற்றிலை விற்ற அம்மாளின் மகனும் ரங்கூனில்தான் இருந்தான். அவளிடம் போய் நின்றேன். பாங்கி மூலமாக அனுப்பலாமா என்று கேட்டதற்கு, அதெல்லாம் கோட்டு போட்டவர்களுக்கு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். பிறகு பட்டணத்தில் இருக்கிற மண்ணடிக் கடையைப் பற்றிச் சொன்னாள். ஒரே முதலாளிக்கு ரங்கூனிலும் கடை, மண்ணடியிலும் கடை. அங்கே பணத்தைக் கட்டினால் இங்கே இருக்கிற கடைக்குக் கடிதம் வரும், நாம் நேரில் போய் வாங்கிக்கொள்ளலாம். கூலி மணியார்டரைவிடக் குறைவு. உடனே போகாவிட்டாலும் பணம் கடையிலேயே கிடக்கும்.

"கம்முனு போயி கம்முனு வாங்கியாரலாம். ஒரு ஈ காக்காக்குத் தெரியாது" என்றாள்.

எனக்கு வேண்டியது அதுதான். மண்ணடிக் கடையில் கட்டுங்கள், என் பேருக்கே கட்டுங்கள் என்று அன்றைக்கே எழுதிப் போட்டேன்.

கட்டிவிட்டேன் என்று பதில் வந்ததும், வளையல் வாங்கப் போகிறேன் என்று மாமனாரிடம் பொய் சொல்லிவிட்டு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரயிலேறினேன். சென்ட்ரலில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு மண்ணடிக்கு நடந்தேன். கடை என்றால் சாமான் எதுவும் இல்லை. பாய் விரித்து, சாய்வு மேசைக்கு முன்னால் கணக்கர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தென்சீமைக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. என் பேரையும் ஊரையும் கேட்டு, கடிதக் கட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"ஆமா தாயி, வந்திருக்கு. அனுப்பினவர் பேரைச் சொல்லுங்க."

இப்படிக் கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள். சொன்னால் அவன் ஆயுசு குறையும். கல்யாணத்துக்கு முதல் நாள் என் அம்மா எனக்குச் சொல்லி அனுப்பிய ஒரே புத்தி அது. அதுவரை நான் அவர் பேரை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வரும் என்று நினைத்ததும் இல்லை.

"எங்க ஊட்டுக்காருதான் அனுப்பிச்சாரு" என்றேன்.

"சரி தாயி. அவர் பேர்?"

"கொயந்தையோட அப்பா."

கணக்கர் என் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தார். ஒன்றரை வயசு மகளுக்கு அப்போது தெரிந்த ஒரே வார்த்தை தாத்தா. அவரைப் பார்த்து அதைச் சொன்னாள்.

காகிதம் கொடுங்கள், எழுதிக் காட்டுகிறேன் என்றேன். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். யாரோ எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி எவனோ ஒருவன் அடுத்தவர் பணத்தை வாங்கிப் போய்விட்டானாம். அன்றிலிருந்து சீட்டு செல்லாது, பணம் யார் பேருக்கு வந்ததோ அவரே அனுப்பியவர் பேரைத் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று முதலாளி சட்டம் போட்டுவிட்டாராம்.

"அவர் அப்பா பேரையாவது சொல்லுங்க தாயி, பார்ப்போம்" என்றார் பாவம்.

மாமனார் பேரை மருமகள் சொல்வதா? நன்றாக இருக்கிறது! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றைக்கு நேரில் பார்த்தேன். ஆனால் அந்தப் பூசாரி மேல் தப்பில்லை. குழந்தைக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்து, "பணம் எங்கேயும் போகாது, தைரியம் வந்ததும் வாங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

ரயில் முழுக்க அழுதுகொண்டு வந்தேன். "வளையல் எங்கம்மா?" என்று மாமனார் கேட்டதும் மறுபடி அழுகை வந்துவிட்டது. மறைக்கவெல்லாம் எனக்கு வராது. மண்ணடிக் கடை, கப்பல் கூலி, சொன்ன பொய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "அட, என் புள்ள பேரு எனுக்குத் தெரியாதா? நான் வந்து சொல்றேம்மா" என்றார்.

"நீங்க சொன்னா செல்லாது மாமா. அப்பிடியே குடுத்தாலும், உங்க கையில துட்டு வந்தா சென்ட்ரல்ல ஏறி அம்பத்தூர்ல எறங்கறதுக்குள்ள காலியாயிடும்."

சிரித்தார், சிரித்தார், இருமல் வந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறவரைக்கும் சிரித்தார். அப்புறம் மகள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"ஒரு தபா சொன்னா ஒண்ணியும் ஆவாதும்மா. பேரச் சொல்லி துட்ட வாங்கிக்கினு போயி அவன் கூட இரு. எனுக்கு இன்னா, ரெண்டு மாடு கீது."

அந்த இரண்டு மாட்டைச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு நான் மண்ணடிக்குப் போகாததற்கு ஆயுசு பயம் பாதிக் காரணம். அந்தக் கிழவரைத் தனியாக விட்டுவிட்டுப் போக மனசு வராதது மீதிப் பாதி.

பணம் கடையிலேயே கிடக்கட்டும் என்று எழுதினேன். யோசித்துப் பார்த்தால் அதைவிட நல்ல பெட்டி கிடையாது. கடிகாரம் ஆகாது, கூழ் ஆகாது, என் வாய்தான் பூட்டு. அவர் அதற்கும் சரி என்றார். மாதா மாதம் கட்டினார். இரண்டு வருஷம் ஓடிற்று. ஒரு கார்த்திகை மாதம் கடிதம் வந்தது: 'வேண்டியது சேர்ந்துவிட்டது. அறையும் பார்த்துவிட்டேன். தை பிறந்ததும் என் பேரைச் சொல்லிவிட்டு வந்து சேர். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா.'

அப்பாவையும் என்று எழுதியிருந்தாரே, அதில் என் பாதிக் காரணம் போய்விட்டது. மீதி இருந்த ஆயுசு பயத்தைப் போக்க, பேரைச் சொல்லிப் பழகத் தொடங்கினேன். ஏரிக்கரையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வாயைத் திறப்பேன். உதடு அசையும், சத்தம் வராது. ஒரு எருமை மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

மார்கழியில் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது.

கடிதம் நின்றது. கப்பல் நின்றது. ரங்கூன் ஜனம் காட்டு வழியாக நடந்தே வருகிறது, வழியில் பாதிப் பேர் விழுந்துவிடுகிறார்கள் என்று செய்தி மட்டும் வந்துகொண்டே இருந்தது. நூம்பலிலிருந்து என் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ அவரு பேரச் சொல்லாம கீறியே, அந்தப் புண்ணியத்துலதான் உசுரோட இருப்பாரு" என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். என் பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டைப் போட்டுவிட்டுப் போனாள் என்பது அவளுக்குத் தெரியாது.

நடந்து வந்தவர்களைக் கல்கத்தாவிலிருந்து ரயிலில் சென்ட்ரலுக்குக் கொண்டுவந்தார்கள். பட்டணத்திலும் குண்டு விழும் என்று பயந்து பாதி ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. நானும் மாமனாரும் மகளும் எதிர்ப்பக்கம் ரயிலேறினோம். வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள் போனோம். வண்டி வந்ததும் மாமனார் மகளோடு ஒரு கோடியில் நிற்பார், நான் மறு கோடியில் நிற்பேன்.

முதல் நாளே ஒன்று தெரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது. எல்லோருக்கும் ஒரே தாடி, ஒரே எலும்பு, ஒரே குழி விழுந்த கண். சொந்தத் தம்பியைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி ஓடிய ஒருத்தியை என் கண்ணால் பார்த்தேன். கூப்பிட்டால்தான் உண்டு. "நைனா! நைனா!" என்று மாமனார் கூப்பிடுவார். மகனை அவர் கூப்பிடுவது அப்படித்தான். பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று நான் எத்தனை சொன்னாலும், வண்டியைப் பார்த்த பரபரப்பில் பழகிய நைனாதான் அவர் வாயில் வரும். பட்டணத்தில் நைனா என்றால் யார்தான் திரும்ப மாட்டார்கள்? பாதி பிளாட்பாரம் திரும்பும். நான் "ஏங்க!" என்பேன். மீதிப் பாதி திரும்பும்.

சித்திரை போய் வைகாசி வந்தது. ஒரு நாள் வந்த வண்டியில் கூட்டம் அதிகம். இறங்கியவர்கள் மூட்டையும் முடிச்சுமாக வாசலைப் பார்த்து நகர்ந்துகொண்டே இருந்தார்கள். நான் "ஏங்க, ஏங்க" என்று தொண்டை கட்டக் கூப்பிட்டுக்கொண்டே நின்றேன். கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. அவர் இதில் இருந்து, என்னைத் தாண்டிப் போய்விட்டால்? சொன்னால் ஆயுசு குறையுமே என்று ஒரு பயம். சொல்லாமல் காப்பாற்றிய ஆயுசு எனக்கு இல்லாமல் எங்கேயோ போய் முடியப் போகிறதே என்று இன்னொரு பயம். குறைந்தால் குறையட்டும், மிச்சம் இருப்பதை என்னோடு இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு அவர் பேரைச் சொன்னேன்.

சொன்னேன் என்பது சரியில்லை. கத்தினேன். முழுப் பேரையும், ஓர் எழுத்து விடாமல், மூன்று தடவை.

கண்ணைத் திறந்தபோது, குழாயடியில் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஓர் ஆள் நிமிர்ந்தார். கோணி மாதிரி ஒரு துணி, கையில் ஒரு தகர டப்பா. என்னைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி எதிர்ப்பக்கம் பார்த்தார், மேலே பார்த்தார், சுற்றும் முற்றும் பார்த்தார். முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. ஓடிப்போய் அந்தக் கோணியைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பேரை முழுசாகச் சொல்லி அவரைக் கூப்பிட்டது உலகத்தில் ஒரே ஒருத்திதான். அவருடைய அம்மா. அவள் அவருக்குப் பன்னிரண்டு வயசில் போய்விட்டாள். என் குரலில் அந்தப் பேரை அவர் கேட்டதே இல்லையே, எப்படித் தெரியும்?

"நான் செத்துட்டேன்னு நெனச்சேன்மே" என்றார். "அம்மாதான் வந்து கூப்புடுதுன்னு நெனச்சேன்."

பிளாட்பாரம் என்றும் பார்க்காமல் அழுதேன். அந்தக் கோடியிலிருந்து மாமனார் மகளைத் தூக்கிக்கொண்டு, இருமிக்கொண்டே ஓடிவந்தார். வந்த வேகத்தில் மகனைக் கட்டிக்கொண்டவர், அப்புறம் என்னைப் பார்த்து, "ஏம்மா, இம்மாங் கொரல வெச்சிக்கினா மண்ணடியில அழுதுட்டு வந்தே?" என்றார்.

ஆயுசு விஷயத்தில் என் அம்மா சொன்னது பொய். அதற்குப் பிறகு அவர் எண்பது வயது தாண்டி இருந்தார், அதில் முக்கால்வாசி நாள் என்னோடு வம்புக்கு நின்றார்.

உடம்பு தேறி, பட்டணமும் பழையபடி நிரம்பிய பிறகு இரண்டு பேரும் மண்ணடிக்குப் போனோம். ரங்கூன் கடை என்ன ஆயிற்றோ தெரியாது, ஆனால் மண்ணடிக் கடை இருந்தது, கடிதக் கட்டும் இருந்தது, அதே கணக்கரும் இருந்தார். என்னைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "வாங்க தாயி. தைரியம் வந்துடுச்சா? பேர்?" என்றார்.

பக்கத்தில்தான் ஆளே நிற்கிறாரே, அவரே சொல்லட்டும் என்று முழங்கையால் இடித்தேன். என் வீட்டுக்காரர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பணம் உங்க பேருக்குத்தான் வந்திருக்கு தாயி. நீங்கதான் சொல்லணும்" என்றார் கணக்கர்.

தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். கணக்கர் சரி என்று பெட்டியைத் திறக்கப் போனார்.

"இருங்க" என்று அவரைத் தடுத்தார் என் வீட்டுக்காரர். "எனுக்குச் சரியா காதுல வியல. இன்னொரு தபா சொல்லச் சொல்லுங்க."

அவருக்குப் பாம்புச் செவி. சமையலறையில் நான் முணுமுணுப்பது தெருவாசலில் இருக்கிற அவருக்குக் கேட்கும். அது தெரிந்தும் நான் இன்னொரு தடவை சொன்னேன்.